அன்றாட வாழ்வும் இலக்கியமே

இலக்கியம் என்றவுடன் நம்மவரில் பெரும்பாலோர் நெஞ்சில் தோன்றுவன மூன்று: அரசர் வரலாறு, தெய்வக் கதை, அறவுரை. இம்மூன்றனுள் அடங்காத எழுத்தை அவர்கள் எழுத்தென்றே மதிப்பதில்லை. காலையில் பெய்த மழை, கடைத்தெருவில் ஏறிய மீன் விலை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முளைத்த பல், வேலை முடிந்து திரும்பும் வழியில் மனத்தில் எழுந்த ஓர் எண்ணம் ஆகிய இவற்றை ஒருவர் தம் நண்பர்க்கு எழுதினால், அதனை வேலையற்றவர் எழுத்தென்று நகைப்பார்கள். எழுதியவரும் அந்நகைப்புக்கு அஞ்சி, “உருப்படியாக ஒன்றுமில்லை, சும்மா எழுதுகிறேன்” என்று முன்னுரை கூறிக்கொண்டே தொடங்குவார். இவ்வபிப்பிராயம் நியாயமானதுதானா? இதனால் நம் சமூகத்துக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

எவ்வகை எழுத்து?

நாம் ஆராயப் புகுந்த எழுத்து இன்னதென்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். தமக்காக மட்டும் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நாட்குறிப்பு ஒன்று. முன்பின் அறியாத ஆயிரவர்க்காகப் பத்திரிகையில் எழுதும் கட்டுரை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது, தம்மை நன்கறிந்த நண்பர் சிலர் படிப்பதற்காகத் தம் நாளை எழுதி அனுப்புவது. கடிதமாக வந்தாலும், கையெழுத்துப் பத்திரிகையாகக் கைமாறினாலும், கைப்பேசியின் வழியே வந்து சேர்ந்தாலும், அதன் இயல்பு ஒன்றே. எழுதுபவர்க்குப் படிப்பவர் யாரென்று தெரியும். படிப்பவர்க்கும் எழுதுபவர் யாரென்று தெரியும்.

இந்த அறிமுகமே இவ்வெழுத்தின் பலம். தமக்கே எழுதிக்கொள்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடும், தடுப்பார் இல்லை. ஊரார்க்கு எழுதுபவர் தம்மை உயர்த்திக் காட்டிக்கொள்ளக் கூடும்; ஊரார்க்கு உண்மை தெரியாது. நண்பர்க்கு எழுதுபவர்க்கோ இவ்விரண்டும் எளிதல்ல. “இவன் இப்படிப்பட்டவன் அல்லவே” என்று நண்பர் ஒரு நொடியில் கண்டுகொள்வார். ஆகவே, நண்பர் என்னும் வாசகர் எழுதுபவரின் நேர்மைக்கு ஒரு காவல். இக்காவல் எங்கே இருந்தது, எங்கே இல்லை, அதனால் எழுத்து எப்படி ஆயிற்று என்பதைச் சில உதாரணங்களால் காண்போம்.

புதுவைத் துபாசியின் நாட்குறிப்பு

தமிழில் அன்றாட வாழ்வை எழுதியவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பிறந்து, புதுச்சேரியில் வாணிகராய் வளர்ந்து, 1747-ல் பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாசியாகி, டூப்ளே என்னும் ஆளுநர்க்கு வலக்கையாய் விளங்கியவர் அவர். 1736 முதல் 1761-ல் தாம் மறையும் வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு, தமிழ் உரைநடை வரலாற்றிலேயே தனித்து நிற்பது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் எத்தனை மணிக்கு என்ன சொன்னார், தெருவில் என்ன வதந்தி உலவியது, யார் யாரோடு சண்டையிட்டார் என்பனவெல்லாம் அதில் உண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-ல் புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும், ஊரில் அன்றன்று பேசப்பட்டவாறே அதில் பதிவாகியுள்ளன.

இவற்றை அவர் எந்த நடையில் எழுதினார்? அக்காலத்துப் புலவர் நடையில் எழுதினாரில்லை. கணக்கு எழுதும் கையால், வாயில் வழங்கிய தமிழில் எழுதினார். பிறமொழிச் சொல் கலந்த அப்பேச்சுத் தமிழைப் புலவர் எவரும் மதித்திரார். ஆனால், 18-ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்த் துறைமுக நகரத்தில் மக்கள் எப்படிப் பேசினர் என்று இன்று அறிய விரும்புவோர்க்கு, அப்புலவர்களின் செய்யுட்களைவிட இந்நாட்குறிப்பே பேருதவி புரிகின்றது. 1846-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும் வரை அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்தான். தமிழன் எழுதியதை ஆங்கிலம் படித்தோர் முதலில் படித்தனர். தமிழ் படித்தோர் பின்னரே படித்தனர். அன்றாட எழுத்தை நாம் எவ்வளவு மதித்தோம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும், விமரிசனம் என்று வந்தபின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையவர்கள் தம்மைப் பற்றிப் பிறர் கூறிய புகழுரைகளைச் சலிக்காமல் எழுதிச் செல்கிறார். தம் பகைவரைப் பற்றி எழுதுகையில் அவர் பேனா நடுநிலை தவறுகின்றது. பெரிய மனிதர் வந்துபோகும் வீட்டின் வாயில் நமக்கு நன்றாய்த் தெரிகிறது. அடுக்களை அவ்வளவாகத் தெரியவில்லை. “உன் பெருமை போதும், வீட்டில் நேற்று என்ன நடந்தது சொல்” என்று கேட்கும் நண்பர் ஒருவர் அந்நாட்குறிப்புக்கு வாசகராய் இருந்திருந்தால், அது இன்னும் நிறைவுடையதாய் இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

பொதுமக்கட்கு எழுதும் கடிதம்

இனி, கடிதம் என்னும் பெயர் பூண்டு வரும் வேறொரு வகை உண்டு. டாக்டர் மு. வரதராசனார் 1940-களின் இறுதியில் எழுதிய ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என்னும் நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டுத் தமிழரும் விரும்பிப் படித்த நூல்கள் அவை. மொழிப்பற்றையும் வாழ்க்கை ஒழுங்கையும் இளைஞர்க்குக் கற்பித்த அவற்றின் பயனை நாம் குறைத்துக் கூறோம். ஆனால், அவற்றில் வரும் தம்பி, தமிழ்நாட்டுத் தம்பிமார் அனைவர்க்கும் பிரதிநிதியாய் நிற்பவர். அவர்க்கு எழுதப்படுவது அறிவுரை. அறிவுரையை எவர்க்கும் அனுப்பலாம். முகவரியை மாற்றினாலும் பொருள் மாறாது.

நாம் பேசும் எழுத்தோ முகவரியை மாற்றினால் பொருள் கெட்டுவிடும் தன்மையது. “உனக்குப் பிடிக்குமே என்று இதை எழுதுகிறேன்” என்பதில் உள்ள ‘உனக்கு’ என்னும் சொல்லில்தான் அதன் உயிர் இருக்கிறது. நம் இளைஞர் பலர் நண்பர்க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவுடன் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். முதல் வகையை மட்டுமே மாதிரியாகக் கொண்டதால் வந்த வினை இது. மாதிரி நன்று, இடந்தான் வேறு.

இடைசெவல் நண்பர் இருவர்

இவ்வெழுத்துக்குச் சிறந்த மாதிரியைத் தேடினால், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூர்க்குச் செல்ல வேண்டும். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அவ்வூரில் ஒரே ஆண்டில், 1923-ல், பிறந்தவர்கள். ஒருவர் வேலையை நாடிச் சென்னைக்குப் போனார். மற்றவர் கரிசல் மண்ணிலேயே விவசாயியாய் நின்றார். பிரிந்த நண்பர் இருவரையும் கடிதங்கள் பிணைத்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. போற்றிக் காத்தமையால் அவை பின்னாளில் நூலாயின.

அழகிரிசாமி நம் நாட்டுக்கும் உரியவர் என்பதை நம் வாசகர் அறிவர். 1952-ல் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பணி ஏற்று, 1957 வரை இங்கு வாழ்ந்து, இங்குள்ள இளம் எழுத்தாளர்க்குச் சிறுகதையின் நுட்பங்களை எடுத்துரைத்தவர் அவர். 1924-ல் பிறந்த அந்நாளிதழ் 2019-ல் மறைந்துவிட்டது; ஆயினும், அவர் வழிகாட்டுதலால் எழுதத் தொடங்கியோரின் எழுத்து நம்மிடம் உள்ளது. அவர் 1970-ல் காலமானார். அவ்வாண்டிற்கான சாகித்திய அகாதெமிப் பரிசு அவருடைய ‘அன்பளிப்பு’ என்னும் கதைத் தொகுதிக்கு அளிக்கப்பட்டது.

இனி, கி.ரா.வைப் பார்ப்போம். உயர்பள்ளிப் படிப்பை முடியாதவர். அவருடைய ‘மாயமான்’ என்னும் சிறுகதை 1958-ல் ‘சரஸ்வதி’யில் வெளிவந்தபோது அவர்க்கு வயது 35. அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே அவர் நண்பரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். கதை எழுத வருமுன் அவர் கை பழகிய இடம் கடிதமே என்று நாம் கருதுவதற்கு அவருடைய நடையே சான்று. எதிரே ஒருவர் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் நினைவு அவர் எழுத்தை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. 1980-களில் ‘ஜூனியர் விகட’னில் அவர் எழுதிய தொடர்க்கு ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றே பெயர். மழையும் மண்ணும் ஊராரின் பாடுகளும் சாப்பாடும் அதில் பேசப்பட்ட பொருள்கள். ‘கடிதம்’ என்று எழுதாமல் கிராமத்தார் வழங்குமாறே ‘கடுதாசி’ என்று எழுதியதில் அவருடைய இலக்கியக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. பண்டிதர் ஒதுக்கிய சொற்களைச் சேர்த்துக் கரிசல் வட்டாரத்துக்கென்று ஓர் அகராதியும் அவர் தொகுத்தார். 1991-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு அவரைத் தேடி வந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நண்பர்க்கு எழுதுகையில் நாம் அகராதியைத் தேடிப் போவதில்லை. வாயில் வரும் சொல்லே பேனாவிலும் வருகின்றது. அச்சொல்லோடு அச்சொல்லுக்குரிய பொருளும், அப்பொருளோடு அவ்வூரும் வந்துவிடுகின்றன. புலமை நடையில் எழுதத் தொடங்குபவர், தம் ஊரில் இல்லாத முல்லையையும் அன்னத்தையும் எழுதுவார். நண்பர்க்கு எழுதுபவர் தம் வீட்டுக் கொல்லையில் உள்ள முருங்கையை எழுதுவார்.

சிறிய மொழி, பெரிய மொழி

அன்றாட எழுத்தைச் சிறிதென்று கருதுவது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. சப்பானியர் வரலாற்றில் இதற்கு அழகான ஓர் உதாரணம் உண்டு. ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரண்மனையில் தெய்ஷி என்னும் அரசியின் தோழியாய் இருந்தவர் சேய் ஷோனகொன் என்னும் பெண்மணி. அக்காலத்தில் கற்ற ஆடவர்க்குரிய பெருமொழி சீனம்; அரசாங்க எழுத்தும் அதுவே. வீட்டில் பேசும் சப்பானிய மொழியில் எழுதுவது பெண்டிர்க்குரிய சிறு வேலையாகக் கருதப்பட்டது. அச்சிறு மொழியில் அவர் தம் குறிப்புகளை எழுதினார். எரிச்சலூட்டும் பொருள்கள் எவை, நெஞ்சு படபடக்கச் செய்வன எவை, விடியற்காலை எந்தப் பருவத்தில் அழகு, விருந்தினர் எப்போது எழுந்து போனால் நலம் என்பன போன்ற குறிப்புகள் அவை. ஒருநாள் வந்த விருந்தினர்க்கு இட்ட பாயின்மீது அச்சுவடி இருந்ததென்றும், அவர் அதை எடுத்துச் சென்று நெடுநாள் கழித்தே திருப்பித் தந்தாரென்றும், அதன் பிறகே அது பலர் கைக்குப் பரவியதென்றும் அவரே முடிவுரையில் கூறுகிறார்.

இன்று, ஆயிரம் ஆண்டுகள் கடந்தபின், ‘தலையணைக் குறிப்புகள்’ என்னும் பொருள்படும் அந்நூல் சப்பானிய உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாய் உலகெங்கும் படிக்கப்படுகிறது. அதே காலத்தில் ஆடவர் எழுதிக் குவித்த சீன நடைச் செய்திகளை ஆராய்ச்சியாளரே தேடிப் படிக்கின்றனர். பெண்களின் பேச்சு என்று ஒதுக்கப்பட்டது எஞ்சி நின்றது. நம் வீட்டுப் பெண்டிர் தோழியர்க்கு எழுதும் குறிப்புகளை ‘அடுக்களைக் கதை’ என்று தள்ளும் ஆடவர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

நம் நாட்டில் எழுதப்படாத ஏடு

இனி, நம் நாட்டுக்கு வருவோம். பால்மரத் தோட்டங்களில் நம் பெரியோர் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தனர். அவர்கள் வாழ்வைப் பற்றி அன்றன்று எழுதப்பட்ட ஏடு எது? ஒன்று உண்டு; அது பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் குறித்த செக்ரோல் புத்தகம். அதனை எழுதியவர் கிராணியார். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை ராத்தல் பால் கொணர்ந்தார் என்பதே அதிலுள்ள செய்தி. வராதவர் ஏன் வரவில்லை? குழந்தைக்குக் காய்ச்சலா? முதல்நாள் இரவு அடிபட்டாளா? செக்ரோல் அதைக் கேட்டதில்லை. ஒரு மனிதனின் நாள் அத்தனையும் ஒரு கோடாகவோ ஒரு சுழியாகவோ முடிந்தது.

ஊர்க்குக் கடிதம் போகவில்லையா எனின், போயிற்று. எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி ஆசிரியரோ கிராணியாரோ எழுதிக் கொடுத்தனர். தம் துயரைப் பிறர் கைக்குச் சொல்லி எழுதுவிப்பவர் எதைச் சொல்வார்? “இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும்” என்பதைச் சொல்வார், அனுப்பும் பணத்தைச் சொல்வார், பெரியவர் சிறியவர் பெயர்களை வரிசையாய்ச் சொல்லி வணக்கமும் ஆசியும் கூறுவார். கடல் கடந்து போன அக்காகிதத்தில் எல்லாரும் சுகமாகவே இருந்தனர். பிறர் கையால் எழுதப்படும் கடிதத்தில் மனம் திறவாது. கல்வியில்லாமையால் நாம் இழந்தவற்றைக் கணக்கிடுவோர், கூலியையும் பதவியையும் கணக்கிடுகின்றனர். சொந்தக் கையால் தன் நாளை எழுதும் உரிமையையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இவ்விழப்பின் பெருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப் பாதை போட்டனர். அதில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களுள் மாண்டோர் 12,000-க்கு மேல். கைதிகளுள் சிலர், கண்டுபிடித்தால் கடுந்தண்டனை என்றறிந்தும், கிடைத்த தாள்களில் அன்றாடம் எழுதி மறைத்து வைத்தனர். இன்றைக்கு யார்க்குப் பேதி, எத்தனை பிடி அரிசி, எவர் இறந்தார் என்பவையே அவர்கள் குறித்தவை. அப்படி எழுதியவர்களுள் ஒருவர் டன்லப் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர். அவர் குறிப்புகள் 1986-ல் நூலாய் வெளிவந்தன. அக்கைதிகளின் துயரை உலகம் அறிந்திருப்பதற்கு இத்தகைய குறிப்புகள் ஒரு பெருங்காரணம்.

அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களுள் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் இன்றளவும் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. எழுதுவாரின்றி மடிந்தவர் தொகை எண்ணுவாரின்றிப் போயிற்று. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை 1993-ல் வெளியிட்டார், அ. ரெங்கசாமியும் ‘நினைவுச்சின்னம்’ என்னும் நாவலில் அத்துயரை எழுதினார். இவ்விருவர்க்கும் நம் சமூகம் கடமைப்பட்டது. எனினும், நாவலாசிரியர் அரை நூற்றாண்டுக்குப் பின் முதியோர் நினைவிலிருந்து திரட்டியதற்கும், அன்றிரவே ஒருவர் தம் நண்பர்க்கென்று கிறுக்கி வைத்த ஒரு வரிக்கும் வேறுபாடு உண்டு. அவ்வொரு வரி நம்மிடம் இல்லை. அன்றாட எழுத்தை அற்பமென்று சொல்வோர் இவ்வெற்றிடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

குற்றங்கள் சில

அன்றாட வாழ்வை எழுதியவையெல்லாம் நல்ல எழுத்தாகிவிடுமா எனின், ஆகா. இவ்வகையில் காணும் குற்றங்களை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மழை பெய்த ஒரு நாளைப் பற்றி இருவர் தத்தம் நண்பர்க்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் இவ்வாறு எழுதுகிறார்:

“இன்று இயற்கை அன்னை தன் அருட்கண் திறந்து அமுதமழை பொழிந்தாள். மனித வாழ்வும் மழையை ஒத்ததே. இன்பமும் துன்பமும் மாறிமாறி வரும். ஆதலின் நண்பா, மனந்தளராதே!”

இரண்டாமவர் எழுதுகிறார்:

“நேற்று விடியற்காலை நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பெரட்டுக்குப் போனவர்கள் ஆபீஸ் திண்ணையில் குந்தியிருந்தார்கள். ஏழு மணிக்கு விட்டது. மரமெல்லாம் நனைந்துவிட்டதால் வெட்டு இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். அம்மா உலையில் அரிசியை ஒரு பிடி குறைத்துப் போட்டாள். பிறகு தனக்குப் பசியில்லை என்றாள். தம்பிக்கு மட்டும் ஒரே சந்தோஷம். அப்பா வீட்டில் இருக்கிறாராம்.”

முதற்குறிப்பில் சொல்லலங்காரம் உண்டு, அறிவுரை உண்டு, மழை மட்டும் இல்லை. அதை உலகின் எந்த மூலையிலிருந்தும் எழுதியிருக்கலாம். இரண்டாவதில் அலங்காரச் சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால், மழை பெய்தால் மரம் நனையும், மரம் நனைந்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை, கூலியில்லையேல் உலையில் ஒரு பிடி குறையும் என்னும் பொருளாதாரம் முழுவதும் அதனுள் இருக்கின்றது. தாயின் தியாகத்தை எழுதியவர் தியாகம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நண்பர் அறிந்துகொள்வார் என்னும் நம்பிக்கை அவர்க்கு இருக்கிறது. நீதி கூறி முடிப்பவர் நண்பரின் அறிவை நம்பாதவர்.

இஃது ஒரு குற்றம். வேறு மூன்றையும் சுருங்கக் கூறுவோம். நண்பர் குழாத்துக்குள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே போவது முதலாவது. முன்னே நாம் கூறிய காவல், இங்கே காவலன் உறங்கிய வீடாய்விடும். ‘அருமை, அருமை’ என்று மட்டும் பதில் எழுதும் நண்பரால் யாதொரு பயனும் இல்லை. குழுவினர்க்கு மட்டுமே விளங்கும் பரிபாஷையில் எழுதிப் புறத்தாரைத் திகைக்க வைப்பது இரண்டாவது. அழகிரிசாமியின் கடிதங்கள் நண்பர் ஒருவர்க்கே எழுதப்பட்டவை. எனினும் நாமும் இன்று படித்து இன்புறுகிறோம். அந்த அளவே அளவு. மூன்றாவது, பிறர் வீட்டு இரகசியத்தைத் தம் குறிப்புக்குச் சரக்காக்குவது. தம் வறுமையை எழுத ஒருவர்க்கு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பெண்ணின் கண்ணீரை அவள் இசைவின்றி எழுத எவர்க்கும் உரிமை இல்லை. இதில் தவறுவோரின் எழுத்து எவ்வளவு சுவையுடையதாயினும் அதனைப் புறங்கூறல் என்றே கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கது

முடிவாக ஒன்று. நம்மவர் பலர் இன்று தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறிவிட்டனர். பல தோட்டங்கள் செம்பனைக் காடாயின, பல வீட்டுமனைகளாயின. லயத்து வீட்டின் திண்ணையும், ஆயாக் கொட்டகைத் தூளியும், மங்கில் சொட்டும் பாலின் வாடையும், நிரைக்கு நிரை கேட்ட பாட்டும் அறிந்தவர்கள் முதுமை எய்தி ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்களுக்கு இப்போது எழுதத் தெரிந்த பேரர் இருக்கின்றனர். நேற்றைக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு எழுத்தறிவின்மை காரணம் என்றோம். இன்றைக்கு அக்காரணம் இல்லை. இன்றும் எழுதப்படாமல் போகுமாயின், நம் வாழ்வு எழுதத் தக்கதன்று என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டதாகும்.

ஆகவே, அன்பர்களே! வாரத்துக்கு ஒருமுறையேனும், தூரத்திலுள்ள நண்பர் ஒருவர்க்கு உங்கள் நாளை எழுதுங்கள். என்ன எழுதுவது என்று மயங்க வேண்டா. பேருந்துக்குக் காத்து நின்றதை எழுதுங்கள்; கடையில் விலை கேட்டுத் திரும்பியதை எழுதுங்கள்; பாட்டி சொன்ன ஒரு பழஞ்சொல்லை, அவள் சொன்னவாறே எழுதுங்கள். தேதியிட்டு எழுதுங்கள். வந்ததைக் கிழித்தெறியாமல் சேர்த்து வையுங்கள், கி.ரா. சேர்த்து வைத்திராவிடில் அழகிரிசாமியின் கடிதங்கள் நமக்கில்லை. நண்பர் எழுதியதில் பொய் தொனித்தால் அன்போடு சுட்டிக் காட்டுங்கள். இவ்வளவே வேண்டுவது. ‘உருப்படியாக ஒன்றுமில்லை’ என்னும் அந்த முன்னுரையை மட்டும் இனி எழுதாதிருங்கள். நம் பெரியோர்க்கு ஒரு கோடும் ஒரு சுழியும் போதுமென்று செக்ரோல் எழுதியவர்கள் நினைத்தார்கள். அதையே நாமும் நம்மைப் பற்றி நினைத்தல் தகாது.